ஒரே வாட், வேறு வேறு எடை: ஜெனரேட்டரும் சுற்றுவேகமும்

சைக்கிள் டைனமோ என்றதும் நம்மூரில் எல்லோருக்கும் நினைவு வருவது டயரை உரசிக்கொண்டு சுற்றும் அந்தப் புட்டி வடிவ சமாச்சாரம்தான். 6 வோல்ட், 3 வாட், கையில் எடுத்தால் கால் கிலோ வாக்கில் இருக்கும். ஜெர்மனி, நெதர்லாந்து பக்கம் போனால் வேறு மாதிரி ஒன்று உண்டு, முன் சக்கரத்தின் ஹப்புக்கு உள்ளேயே டைனமோவை வைத்துவிடுவார்கள், எதையும் உரசாது, சத்தமும் வராது. அதுவும் 6 வோல்ட், 3 வாட் தான். ஆனால் எடை 400 கிராமிலிருந்து 700 கிராம் வரை போகும். அதே விளக்கு, அதே வெளிச்சம், எடை மட்டும் ஒன்றரை மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை.

கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். மணிக்கு 15 கிலோமீட்டரில் மிதிக்கும்போது சக்கரம் நிமிடத்துக்கு 115 சுற்று சுற்றுகிறது. டயரை உரசும் அந்தச் சின்ன உருளையின் சுற்றளவு 7, 8 சென்டிமீட்டர்தான் என்பதால் அது நிமிடத்துக்கு மூவாயிரத்துக்கும் மேல் சுற்றும். ஹப் டைனமோவுக்கு அந்த வசதி கிடையாது, சக்கரம் எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில்தான் அதுவும் சுற்ற வேண்டும். 3000 எங்கே, 115 எங்கே.

ஜெனரேட்டர் எவ்வளவு பெரிது என்று கேட்டால் எல்லோரும் வாட்டில், இல்லையென்றால் அதைப் போலவே திறனைச் சொல்லும் கே.வி.ஏ.வில் பதில் சொல்கிறோம். விற்பனைக்கு அது சரி. மெஷினைச் செய்கிறவனுக்கு வாட்டைத் தெரிந்துகொண்டு ஒன்றும் ஆகாது, அவனுக்கு வேண்டியது டார்க், அதாவது சுற்றித் திருப்பும் விசை. வாட் என்பது டார்க்கையும் சுற்றுவேகத்தையும் பெருக்கினால் வருவது. இந்த இரண்டில் இரும்பையும் தாமிரத்தையும் விழுங்குவது டார்க் மட்டும்தான், சுற்றுவேகத்துக்குக் கிலோ கணக்கில் காசு கொடுக்க வேண்டியதில்லை (கொஞ்ச தூரம் வரைக்கும், அதற்குப் பிறகு கொடுக்க வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்).

ஏன் டார்க்? ரோட்டாரின், அதாவது மெஷினுக்குள் சுற்றும் பாகத்தின், மேற்பரப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் காந்தப்புலம் இருக்கிறது, எதிரே ஸ்டேட்டர் என்ற சுற்றாத பாகத்தின் வைண்டிங்கில் (தாமிரக் கம்பிச் சுருளில்) கரண்ட் ஓடுகிறது, இரண்டும் சேர்ந்து ரோட்டாரைச் சுற்றவிடாமல் பின்னுக்கு இழுக்கின்றன. இன்ஜினோ டர்பைனோ அந்த இழுவையை மீறித் தள்ளும்போதுதான் கரண்ட் வெளியே வருகிறது. இந்த இழுவையை நம் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. காந்தப்புலத்தை ஏற்றிக்கொண்டே போனால் இரும்பு 2 டெஸ்லாவை (காந்தப்புலத்தின் அளவு) நெருங்கும்போதே நிரம்பிப் போய்விடும், அதற்கு மேல் எவ்வளவு செலவழித்தாலும் பலனில்லை. கரண்டை ஏற்றினால் தாமிரம் சுடும், இன்சுலேஷன் வெந்துபோகும். எஃப் கிளாஸ் இன்சுலேஷன் என்றால் 155 டிகிரி, எச் கிளாஸ் என்றால் 180, அதற்கு மேல் ஆயுள் வேகமாகக் கரையும். ஆக, காற்றால் குளிரும் ஒரு சாதாரண மெஷினில் ரோட்டாரின் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு 2 முதல் 5 டன் இழுவைதான் வாங்க முடியும். ஹைட்ரஜன், தண்ணீர் என்று குளிர்விக்கும் முறையை மாற்றினால் அதை இரண்டு மூன்று மடங்கு ஆக்கலாம். அவ்வளவுதான் எல்லை.

இந்தக் கணக்கில் சுற்றுவேகம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மெதுவாகச் சுற்றினாலும் வேகமாகச் சுற்றினாலும் ஒரு சதுர மீட்டருக்கு அதே டன்தான். வேகமாகச் சுற்றினால் அதே இழுவை ஒரு நொடிக்குள் அதிக தூரம் வேலை செய்கிறது, அதனால் வாட் கூடுகிறது. மெதுவாகச் சுற்றும் மெஷின் அதே வாட்டைக் கொடுக்க வேண்டுமென்றால் பரப்பை அதிகமாக்க வேண்டும், அதாவது விட்டத்தையோ நீளத்தையோ கூட்ட வேண்டும். இ.இ.இ. (மின் பொறியியல்) படித்தவர்களுக்கு மெஷின் டிசைன் பேப்பரில் வந்த 'டி ஸ்கொயர் எல்' (விட்டத்தின் வர்க்கம் பெருக்கல் நீளம்) ஞாபகம் வரலாம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன அந்தச் சூத்திரம் சொல்வது இதைத்தான்.

வீட்டுப் பக்கத்திலேயே சரிபார்க்க வேண்டுமா? ஏதாவது ஒரு மோட்டார் கம்பெனியின் கேட்லாக்கை எடுங்கள் (மோட்டாரும் ஜெனரேட்டரும் அடிப்படையில் ஒரே மெஷின்தான், பவர் போகும் திசைதான் வேறு). 10 எச்.பி., அதாவது 7.5 கிலோவாட் மோட்டாரைப் பாருங்கள். 3000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 3000 சுற்று) வகைக்கு 132எஸ் பிரேம், 1500க்கு 132எம், 1000க்கு 160எம், 750க்கு 160எல். அந்த எண் ஷாஃப்ட் தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பது. எடைப் பத்தியையும் பாருங்கள், முதலாவதற்கும் கடைசிக்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கும். எல்லாமே 10 எச்.பி. தான். விலையும் அதே வரிசையில்தான் ஏறும், இதை மோட்டார் கடைக்காரர்கள் சூத்திரம் தெரியாமலே சொல்லிவிடுவார்கள்.

வேகம் நாலில் ஒன்றாகக் குறைந்தும் எடை ஏன் நாலு மடங்காகவில்லை, இரண்டோடு நின்றுவிட்டதே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மெதுவாகச் சுற்றும் மெஷினுக்குப் போல் (காந்தத் துருவம்) அதிகம். 50 சைக்கிள் கரண்ட் (நொடிக்கு 50 அலை) வேண்டுமென்றால் 3000க்கு இரண்டு போல், 1500க்கு நான்கு, 750க்கு எட்டு. போல் அதிகமானால் ஒவ்வொரு போலிலிருந்தும் வரும் காந்தப்பாய்வு குறைவு, அதைத் திருப்பி அனுப்ப வெளிவட்ட இரும்பு அவ்வளவு தடிமனாக இருக்க வேண்டியதில்லை. அதனால் மெஷின் பெரிதாகிறது, ஆனால் உள்ளே கூடாகிக்கொண்டே போகிறது. ஹப் டைனமோவிலும் நடப்பது இதுதான்: இருபதுக்கும் மேல் போல் வைத்து, பலமான காந்தம் போட்டு, 26 மடங்கு வேக வித்தியாசத்தை இரண்டு மூன்று மடங்கு எடையில் சமாளித்துவிடுகிறார்கள்.

இதே விஷயத்தை ராட்சத அளவில் பார்க்க வேண்டுமென்றால் பிரேசிலுக்கும் பராகுவேக்கும் நடுவில் பரானா ஆற்றின் மேல் இருக்கும் இடாய்ப்பு நீர்மின் நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே 20 மெஷின், ஒவ்வொன்றும் 700 மெகாவாட். பராகுவேயில் 50 சைக்கிள், பிரேசிலில் 60 சைக்கிள், அதனால் பத்து மெஷின் இப்படி, பத்து மெஷின் அப்படி. 50 சைக்கிள் மெஷினுக்கு 66 போல், நிமிடத்துக்கு 90.9 சுற்று. 60 சைக்கிள் மெஷினுக்கு 78 போல், 92.3 சுற்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம், ஏனென்றால் வேகத்தை முடிவு செய்வது தண்ணீர், நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்திலிருந்து விழும் அவ்வளவு தண்ணீரை வாங்கும் டர்பைன் அதற்கு மேல் ஓடாது. அங்கே ரோட்டார் மட்டும் 1,700 டன்னுக்கு மேல்.

இப்போது சென்னைக்கு வடக்கே வல்லூர் அனல் மின் நிலையம். 500 மெகாவாட் மெஷின் மூன்று. நீராவி டர்பைன், 3000 ஆர்.பி.எம். இந்த வகை 500 மெகாவாட் மெஷினின் ரோட்டார் சுமார் 70 டன். இடாய்ப்பில் ஒரு மெகாவாட்டுக்கு இரண்டரை டன் ரோட்டார், இங்கே ஒரு மெகாவாட்டுக்கு 140 கிலோ. வேகத்தில் 33 மடங்கு வித்தியாசம், எடையில் 18 மடங்கு. நீராவி மெஷினில் ஹைட்ரஜன் போட்டுக் குளிர்விக்கும் சாமர்த்தியமும் இதில் கலந்திருக்கிறது, நீர்மின் ரோட்டார் நடுவில் கூடாக இருப்பதும் கலந்திருக்கிறது, அதனால் இந்த 18ஐச் சுத்தமான விகிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போக்கைப் பாருங்கள், போதும்.

நீர்மின் நிலையக்காரர்கள் அந்தக் கனத்தைப் பற்றி அவ்வளவாகப் புலம்புவதும் இல்லை. லோடு திடீரென்று ஏறி இறங்கும்போது டர்பைனின் வாய்க்குப் போகும் தண்ணீரைச் சட்டென்று மூட முடியாது, மூடினால் குழாய் வெடிக்கும். அந்தச் சில நொடிகளுக்கு வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது கனமான ரோட்டாரின் சுழற்சிதான். டிசைன் செய்யும்போதே குறைந்தபட்சம் இவ்வளவு சுழல் கனம் வேண்டும் என்று எழுதிக் கேட்பார்கள்.

சரி, வேகம்தான் எடையைக் குறைக்கிறது என்றால் எல்லாவற்றையும் லட்சம் ஆர்.பி.எம்.மில் ஓட்டிவிட வேண்டியதுதானே? அங்கேதான் நான் பின்னால் சொல்கிறேன் என்று விட்ட பாக்கி வருகிறது. அந்த 3000 ஆர்.பி.எம். ரோட்டாரின் விட்டம் 1.15 மீட்டர் வாக்கில் இருக்கும். அதன் விளிம்பு மணிக்கு 650 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு கிலோ தாமிரத்தை வெளியே இழுக்கும் விசை 5,800 கிலோ எடைக்குச் சமம். ஒரு கிலோவுக்கு! ரோட்டார் காடிகளுக்குள் (நீளப் பள்ளங்களுக்குள்) டன் கணக்கில் தாமிரம் இருக்கிறது. காடிக்குள் இருக்கும் தாமிரத்தை ஆப்பு வைத்துப் பிடித்துவிடலாம், இரண்டு முனைகளிலும் வெளியே வளைந்து திரும்பும் காயிலைப் பிடிக்க ஆப்பு உதவாது. அதற்கென்று காந்தத்தில் ஒட்டாத விசேஷ எஃகில் ஒரு வளையம் செய்து, சூடாக்கி விரித்து, மேலே போட்டு, ஆறி இறுகவிடுகிறார்கள். மொத்த மெஷினிலேயே அதிக அழுத்தம் தாங்கும் பாகங்களில் அந்த வளையமும் ஒன்று, அது விட்டுப்போனால் மெஷின் ஹாலில் யாரும் நிற்கக் கூடாது.

இந்த விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். அதனால் வேகம் கூடினால் ரோட்டாரை ஒல்லியாக்கித்தான் ஆக வேண்டும், விட்டத்தில் இழந்ததை நீளத்தில் பிடிக்க வேண்டும், நீளம் அதிகமானால் ரோட்டார் வளைந்து அதிரும். அனல் மின் நிலைய ரோட்டார் நீளமான உருளையாகவும் இடாய்ப்பு ரோட்டார் அகலமான சக்கரமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். இன்னொரு பக்கம், வேகத்தோடு உள்ளே சைக்கிளும் ஏறினால் இரும்பு சூடாகும், இரும்புக்குள்ளேயே சுழலும் எடி கரண்டால் வரும் நஷ்டம் அதிர்வெண்ணின் (சைக்கிளின்) வர்க்கமாக ஏறும். 50 சைக்கிளுக்கு அரை மில்லிமீட்டர் ஸ்டாம்பிங் (அடுக்கும் இரும்புத் தகடு) போதும் என்றால் ஆயிரம் சைக்கிளுக்கு 0.2, 0.1 மில்லிமீட்டர் என்று மெல்லிசாகிக்கொண்டே போக வேண்டும், விலை ஏறிக்கொண்டே போகும். காற்று உரசும் நஷ்டம் வேறு. பெரிய மெஷினில் ஹைட்ரஜன் அடைப்பதற்குப் பாதிக் காரணமே அது காற்றைவிடப் பதினாலு மடங்கு லேசு என்பதுதான்.

இவ்வளவு தொல்லை இருந்தும் எடைக்காக எதையும் கொடுக்கத் தயாராக இருக்கும் ஒரு இடம் உண்டு: ஆகாய விமானம். விமானத்தில் 400 சைக்கிள் கரண்ட் என்பது பல பேருக்குத் தெரியும். ஜெனரேட்டரை 12,000 ஆர்.பி.எம்.மில் நான்கு போல் வைத்து ஓட்டினால் 400 வரும், 24,000இல் இரண்டு போல் வைத்தாலும் வரும். போயிங் 787இல் ஒவ்வொரு இன்ஜினிலும் இரண்டு ஜெனரேட்டர், ஒவ்வொன்றும் 250 கே.வி.ஏ., அங்கே சைக்கிளை ஒரே அளவில் நிறுத்துவதைக்கூட விட்டுவிட்டார்கள், இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப 360இலிருந்து 800 வரை அலையட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு ஜெனரேட்டரின் எடை 90 கிலோ சொச்சம். அதே 250 கே.வி.ஏ.வுக்கு நம் டீசல் செட்டில் இருக்கும் 1500 ஆர்.பி.எம். ஆல்டர்னேட்டரை, இன்ஜினை விட்டுவிட்டு அதை மட்டும், தூக்க வேண்டுமென்றால் கிரேன் வேண்டும், முக்கால் டன் வாக்கில் இருக்கும். விமானத்தில் எண்ணெய் ஓட்டிக் குளிர்விக்கிறார்கள், உலோகமும் உயர்ந்த வகை, இதெல்லாம் உண்மை. ஆனால் வேகம் இல்லாமல் அந்த 90 கிலோவுக்கு வரவே முடியாது.

காற்றாலைக்கு வருவோம், எனக்கு இதில் பிடித்த சண்டையே இங்கேதான். 3 மெகாவாட் காற்றாலையின் இறக்கை நிமிடத்துக்கு 15 சுற்று என்று வையுங்கள். டார்க் கிட்டத்தட்ட 19 லட்சம் நியூட்டன் மீட்டர் வரும். சதுர மீட்டருக்கு 4 டன் இழுவை என்று போட்டால் நாலரை மீட்டர் விட்டமும் ஒன்றரை மீட்டர் நீளமும் உள்ள உருளை வேண்டும். அதையே கியர்பாக்ஸ் வைத்து 1500க்கு ஏற்றிவிட்டால் 60 சென்டிமீட்டர் விட்டம், 84 சென்டிமீட்டர் நீளம், முடிந்தது கதை. ஆட்டோவில் ஏற்றிவிடலாம் போன்ற அளவு (எடையைச் சொல்லவில்லை, அளவைச் சொல்கிறேன்).

கியர் இல்லாத பெரிய உருளையில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி பொதுவாக விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது இங்கே நாலரை மில்லிமீட்டர். 0.8 டெஸ்லா காந்தப்புலத்தில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளத் துடிக்கும் விசை சதுர மீட்டருக்கு 25 டன். நமக்குப் பயன்படும் இழுவை 4 டன், பயனே இல்லாமல் ஒட்டப் பார்ப்பது 25 டன். நாலரை மீட்டர் வளையம் முழுக்க அந்த நாலரை மில்லிமீட்டரைக் காப்பாற்றத்தான் பெரும்பாலான எஃகு போகிறது, கரண்ட் உண்டாக்கும் தாமிரமும் ஸ்டாம்பிங்கும் அதற்குள் ஒரு பகுதி. ஜெர்மனியின் எனர்கான் செய்த இ-126 மாடல், 7.5 மெகாவாட், நிமிடத்துக்கு 12 சுற்று வாக்கில் ஓடுவது, அதன் ஜெனரேட்டர் மட்டும் 220 டன். நூறு மீட்டருக்கும் மேல் உயரத்தில்!

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். நீளமான பெட்டி மாதிரித் தலை இருந்தால் உள்ளே கியர்பாக்ஸும் அதற்குப் பின்னால் சின்ன ஜெனரேட்டரும் வரிசையாக இருக்கும். முட்டை மாதிரி உருண்டையாக, இறக்கைக்குப் பக்கத்திலேயே உப்பிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் கியர் இல்லாத வகை.

அப்படியானால் கியர் வைத்தால் எடை மிச்சமா? முழுக்க இல்லை. 2 மெகாவாட் காற்றாலையில் ஜெனரேட்டர் 6, 7 டன்னோடு நின்றுவிடும், ஆனால் கியர்பாக்ஸ் 15 டன் வாக்கில் வரும். இறக்கையிலிருந்து வரும் டார்க்கை யாராவது ஒருவர் தாங்கித்தான் ஆக வேண்டும், ஜெனரேட்டர் தாங்காவிட்டால் கியரின் பல் தாங்க வேண்டும். கியரின் பல்லில் எஃகும் எஃகும் நேரடியாகத் தொட்டுத் தள்ளுவதால் அதே டார்க்கைக் காந்தத்தைவிடக் குறைந்த எடையில் கடத்திவிடும், லாபம் அங்கே. நஷ்டம் என்னவென்றால் எண்ணெய், பேரிங், தேய்மானம், பழுதானால் அந்த உயரத்துக்குக் கிரேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை வெஸ்டாஸ் தன் வி164 கடல் காற்றாலையில் எடுத்தது, கியரை ஒரேயடியாக 1500க்கு ஏற்றாமல் 400 ஆர்.பி.எம். வாக்கில் நிறுத்தி, காந்த ரோட்டார் ஜெனரேட்டரைப் போட்டார்கள். வேகமான கடைசிக் கட்டம்தான் அதிகம் தொல்லை கொடுக்கும், அதை வெட்டிவிட்டு, ஜெனரேட்டரையும் ராட்சதமாக்காமல் தப்பிக்கிறார்கள். எனக்கு இதுதான் சரியான பேரமாகத் தெரிகிறது. கியர் இல்லாததுதான் எதிர்காலம் என்று சத்தியம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், கடலுக்குள் ஆள் அனுப்பிப் பழுது பார்க்கும் செலவைச் சொல்லி வாதாடுவார்கள், அதுவும் நியாயம்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு கடைக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. சந்தையில் ஒரே கே.வி.ஏ.வில் மூன்று வகை கிடைக்கும். 1500 ஆர்.பி.எம். டீசல், கனம், விலை அதிகம், தினமும் மணிக்கணக்கில் ஓடுகிற இடத்துக்கு அதுதான் தாங்கும். 3000 ஆர்.பி.எம். செட், லேசு, விலை குறைவு, காது கிழியும், இன்ஜின் சீக்கிரம் தேயும், எப்போதாவது ஓட்டுகிறவர்களுக்குப் போதும். மூன்றாவது இன்வெர்ட்டர் ஜெனரேட்டர், அதில் இன்ஜினுக்கு 3000இல் நிற்க வேண்டிய கட்டாயமே இல்லை, லோடுக்குத் தக்கபடி ஏறி இறங்கும், ஃப்ளைவீல் இருக்க வேண்டிய இடத்திலேயே பல போல் காந்த வளையத்தை மாட்டி நூற்றுக்கணக்கான சைக்கிளில் கரண்ட் எடுத்து, எலெக்ட்ரானிக்ஸ் வைத்து 50க்கு மாற்றிக் கொடுக்கும். ஹோண்டாவின் 2 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் மாடல் 21 கிலோ வாக்கில் இருக்கிறது, பழைய பாணி 2 கே.வி.ஏ. செட் 40 கிலோவைச் சுலபமாகத் தொடும். பழைய பாணியில் கே.வி.ஏ. ஒன்றாக இருந்து எடையும் விலையும் சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் நேம் பிளேட்டில் ஆர்.பி.எம். பாருங்கள். அது அழிந்திருந்தாலோ போடாமலே விட்டிருந்தாலோ எத்தனை போல் ஆல்டர்னேட்டர் என்று கேளுங்கள், இரண்டு என்றால் 3000, நான்கு என்றால் 1500. கடைக்காரர் அதற்கும் மழுப்பினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.